முட்டைத் தட்டில் இருந்த மருந்து

அந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது. காலை ஆறு மணிக்கு உள்ளே எத்தனை டிகிரி, மாலை நான்கு மணிக்கு எத்தனை டிகிரி, கதவு எத்தனை தரம் திறந்தது, பனி எவ்வளவு கட்டியிருக்கிறது என்றெல்லாம் அதில் பென்சிலால் எழுதியிருக்கும். எழுதுகிறவள் தங்கை. இருபத்திரண்டு வயது. காலையில் சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடிப்பாள். மாலையில் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் வகுப்புக்குப் போவாள். அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறாள் என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளேதான் தினம் ஒரு தரம் தனக்குச் சொல்லிக்கொள்வாள்.

மாமா, அதாவது அக்கா புருஷன், அவளுக்கு டிகிரி என்று பெயர் வைத்திருந்தார்.

"என்ன டிகிரி, இன்னிக்கு நம்ம வீட்டுக்குக் குளிரா, காய்ச்சலா?"

"நாலு டிகிரி மாமா. சரியா இருக்கு."

"உங்கக்காவுக்கும் ஒரு தெர்மாமீட்டர் வெச்சுப் பாரேன். எப்பவும் கொதிநிலைலயே இருக்கா."

மாமா மருந்து மொத்தக் கடையில் வேன் ஓட்டுகிறவர். ஒரு நாள் சாயங்காலம், பழைய சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி ஏறி வந்தார். இறக்கி வைத்ததும் சாக்கு தானாக நகர்ந்தது. அக்கா நாற்காலிமேல் ஏறிவிட்டாள்.

"மனுஷங்களுக்கே கால் நீட்ட எடமில்ல, இதுல இது வேறயா? கொண்டுபோய் விட்டுட்டு வாங்க!"

அரை மணி நேரத்தில் அதே அக்கா தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, விரலைப் பாலில் நனைத்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். சாக்கில் வந்த நாய்க்குட்டி என்பதால் பெயர் மூட்டை. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது விழுந்தும், எந்தச் செய்தியையும் பாதி நம்புகிற முகம்.

வந்த வாரமே நாய் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டரம்மா குறைவாகப் பேசுகிறவர்.

"ரெண்டு ஊசி போடணும். ரெண்டாவது ஊசி போட்டு பதினாலு நாள் ஆகற வரைக்கும் இது கால் தெருவுல படக்கூடாது. மத்த நாய் போன எடம், மோந்த எடம், எங்கயும். ரத்தமா பேதியாகி மூணே நாள்ல போயிடும். அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்கா இருக்கும்."

அவர்கள் கட்டடத்தின் வாசலில், காவலாளி அறைக்குப் பக்கத்தில், போன மாதம்தான் ஒரு தெருக்குட்டி அப்படிச் செத்திருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆக, மூட்டை வீட்டுக்குள்தான் இருக்கவேண்டும். மூட்டையோடு யார் இருப்பது? அக்காவுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை வேலை. மாமாவின் வண்டி எந்த ஊரில் நிற்கிறது என்பது வண்டிக்கே தெரியாது. தங்கை ஒரு மணிக்குச் சலவை நிலையத்திலிருந்து வந்துவிடுவாள். ஐந்தரைக்கு வகுப்பு. அந்த ஐந்தரை மணி, யாரும் கேட்காமலே, மூட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரே ஒரு நாள் அவள் அதைச் சமையலறையில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள். திரும்பி வந்தபோது மூன்றாம் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்காரர் படியில் நின்றிருந்தார்.

"நாப்பது நிமிஷம் ஊளை. நான் கடிகாரத்த வெச்சுப் பார்த்தேன். இன்னொரு தரம் இந்தச் சத்தம் கேட்டா நாயும் இங்க இருக்காது, நீங்களும் இருக்க மாட்டீங்க."

நேரம் குறித்து வைத்த மனிதரிடம் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. நோட்டு வைத்திருக்கிறவளாயிற்றே.

அதன்பிறகு அக்காவுக்கு விடுமுறையான வியாழக்கிழமையும், மாமா சீக்கிரம் வருகிற ஏதோ ஒரு நாளும் மட்டும் வகுப்பு. வாரத்தில் ஐந்து நாள், இரண்டு நாளாகச் சுருங்கியது. வகுப்பு வாத்தியார் பார்த்துவிட்டு, "வீட்டுல செய்யற செய்முறைப் பதிவேடு ஒழுங்கா இருந்தா பரீட்சைல உட்காரலாம், இல்லன்னா அடுத்த தடவை," என்றார். அடுத்த தடவை என்றால் ஆறு மாதம். ஒரு பழுதுபார்க்கும் நிலையத்தில், சான்றிதழோடு வா, வேலை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் தனி அறை. தனி அறைக்குத் தனிச் சாவி. அந்தச் சாவியின் எடையைக்கூட அவள் மனசுக்குள் பார்த்து வைத்திருந்தாள்.

இப்படியே நாட்கள் போயின. ஜன்னல் வழியாகத் தெரிவது எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்க் குழாயும் ஒரு துண்டு வானமும். மூட்டை கதவடியில் மூக்கை வைத்துப் படுத்திருக்கும். படியில் யாராவது நடந்தால் வாலாட்டும். யாரும் வராவிட்டால் அவளைத் திரும்பிப் பார்க்கும்.

குடல்புழு மருந்து கொடுத்த நாள் மட்டும் கொஞ்சம் கலகலப்பு. எடைக்குத் தக்க அளவு கொடுக்கவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மூட்டை எடை இயந்திரத்தில் நிற்குமா? தங்கை அதைத் தூக்கிக்கொண்டு ஏறினாள், பிறகு தான் மட்டும் ஏறினாள், கழித்துப் பார்த்தாள். நம்பிக்கை வரவில்லை. மறுபடி ஏறினாள்.

"மூணு தரம் ஏறி இறங்கியாச்சு," என்றார் மாமா. "இன்னும் ரெண்டு தரம் ஏறினா நீ இளைச்சிடுவ. கழித்தல் தப்பாயிடும்."

ஊசியில்லாத குழலில் மருந்தை உறிஞ்சி, கன்னத்து ஓரமாக வாய்க்குள் விட்டாள். மூட்டை யோசித்துப் பார்த்துவிட்டு, பாதியை அக்காவின் ஆஸ்பத்திரிச் சீருடைமேல் துப்பியது.

"பாதி உள்ள போச்சுக்கா. இல்ல, முக்கால். பாதிதான்னு நினைக்கறேன்."

"என் துணிய வேணா புழிஞ்சு அளந்து பாரு."

ஆனாலும் மருந்து வேலை செய்தது. மறுநாள் காலை விரித்திருந்த செய்தித்தாளில் நூல்நூலாகப் புழுக்கள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். தங்கை குச்சியால் விலக்கி எண்ணி எழுதிவைத்தாள்.

"அடிப்பாவி, ஃப்ரிட்ஜ் நோட்டுலயா பூச்சிய எழுதின?"

"கடைசிப் பக்கத்துலக்கா."

"கடைசிப் பக்கமும் ஃப்ரிட்ஜ் நோட்டுதான்டி!"

முதல் ஊசியை டாக்டரம்மா தன்னிடமிருந்த மருந்தையே போட்டார். இரண்டாவது ஊசிக்கு மாமா குறுக்கே விழுந்தார். ஊருக்கெல்லாம் மருந்து கொண்டுபோகிறவன் நான், என் வீட்டு நாய்க்கு நான் கொண்டுவர மாட்டேனா என்றார். குளிர் குறையாமல் வைத்திருந்து கொண்டுவந்தால் சரி என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். மாமா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பனிக்கட்டி போட்ட குடுவையில் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். அக்கா அதை வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைத் தட்டில் வைத்தாள்.

"இத யாரும் தொடக்கூடாது. முக்கியமா நீ. எதையாவது எடுப்ப, எடுத்த எடத்த எழுதுவ, திரும்ப வைக்கறேன்னு கதவத் திறந்துட்டு நிப்ப. தெரிஞ்சுதா?"

"சரிக்கா."

வியாழக்கிழமை மூன்று பேருமாக மூட்டையைப் பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். டாக்டரம்மா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வெச்சிருந்தீங்க?"

"ஃப்ரிட்ஜ்லதான்," என்றார் மாமா.

"வெளிய கிளிய எடுத்தீங்களா?"

தங்கைதான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். "யாரும் தொடவே இல்ல டாக்டர்."

டாக்டரம்மா ஊசி போட்டார். மருந்துக் குப்பியில் இருந்த ஒட்டுச்சீட்டை உரித்து மூட்டையின் அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். பதினாலு நாள் என்றார்.

அந்தப் பதினாலு நாளைத் தங்கை விரல் விட்டு எண்ணியதுபோல் மூட்டைகூட எண்ணியிருக்காது. அதிர்ஷ்டம் என்பதா, பதினாலாம் நாள் வியாழன். மறுநாள் வெள்ளி சாயங்காலம் ஐந்தரைக்குச் செய்முறைப் பரீட்சை. கீழே காவலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்: "ஊசியெல்லாம் முடியட்டும்மா. அப்புறம் சாயங்காலத்துல எங்கிட்ட விட்டுட்டுப் போ. எனக்கும் பேச்சுத்துணை." எல்லாம் வரிசையாகக் கூடி வந்திருந்தது. இப்படிக் கூடி வந்தாலே எதையோ மறந்துவிட்டதாக அவளுக்குத் தோன்றும்.

வியாழன் சாயங்காலம் அக்கா வீட்டில் இருந்தாள். உள்ளறையில் மூட்டைக்குப் புதுக் கழுத்துப்பட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை சமையலறை மேடையில் இரண்டு நோட்டுகளையும் விரித்து, பென்சில் நோட்டைப் பார்த்துப் பேனாவால் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். திங்கள், செவ்வாய் முடிந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்தப் புதனுக்கு வந்தாள்.

ஏழாவது செய்முறை, பனி நீக்குதல். மதியம் இரண்டு மணிக்கு ஃப்ரிட்ஜ் அணைக்கப்பட்டது. கதவு திறந்து வைக்கப்பட்டது. இரண்டரைக்குப் பதினொரு டிகிரி. மூன்றரைக்குப் பதினெட்டு. ஐந்துக்கு இருபத்து மூன்று. ஏழு மணிக்கு மறுபடி போடப்பட்டது. வெளியே எடுத்து ஐஸ் தண்ணீரில் வைத்தவை: பால், வெண்ணெய், நேற்றைய குழம்பு, தக்காளி, முட்டை ஆறு. அதற்கடுத்த வரி:

மருந்துப் பெட்டி – தொடவில்லை (அக்கா சொன்னபடி).

பேனா நின்றது.

முதலில் அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. வேறு யாரோ எழுதியதுபோல அந்த வரியைப் படித்தாள். பிறகு காது இரண்டும் சூடாயின. முட்டையைத் தூக்கி ஐஸ் தண்ணீரில் வைத்திருக்கிறாள். முட்டைக்குப் பக்கத்தில் இருந்ததை விட்டுவிட்டாள். தொடாதே என்றால் தொடக்கூடாது. அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. ஐந்து மணி நேரம். அதைப் பெருமையாக வேறு எழுதி வைத்திருக்கிறாள்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"டாக்டர், ஒரு சந்தேகம். தடுப்பூசி மருந்து அஞ்சு மணி நேரம் குளிர் இல்லாம இருந்தா என்ன ஆகும்? இருபத்து மூணு டிகிரி வரைக்கும் போச்சு."

"யாரோட மருந்து?"

"எங்க மூட்டையோடது."

மறுமுனையில் ஒரு நாய் குரைத்து அடங்கியது. "கெட்டிருக்கலாம்மா. கெடாமலும் இருந்திருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. ஆனா எனக்குத் தெரிஞ்சபிறகு அந்த ஊசிய நான் ஊசின்னு எடுத்துக்க மாட்டேன். நாளைக்கு வேற மருந்து வாங்கிட்டு மூணு மணிக்கு அதக் கொண்டுவா, போடறேன். அதுலேருந்து பதினாலு நாள். அதுவரைக்கும் கீழ விடாத."

நாளையிலிருந்து பதினாலு நாள். நாளை அக்காவுக்கு வேலை. மாமா வெளியூர். ஐந்தரைக்குப் பரீட்சை.

கெட்டுப்போயிற்று என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் அழுதுவிட்டாவது போயிருக்கலாம். இந்த 'இருக்கலாம்' இருக்கிறதே, அது அவளைப் போன்றவளுக்கு முள்ளில் விழுந்த துணி. எந்தப் பக்கம் இழுத்தாலும் கிழியும். நல்ல மருந்தாகவே இருந்திருக்கலாம். வீணாகப் பயந்து ஆறு மாதத்தை எறிகிறாளோ? கெட்ட மருந்தாக இருந்தால்? காவலாளி அறைக்குப் பக்கத்து மண் அவள் கண்முன் வந்தது.

சமையலறைக்குத் திரும்பினாள். பென்சிலால் எழுதியதுதானே. அழிப்பானை எடுத்து அந்த வரியைத் தேய்த்தாள். எழுத்து போயிற்று. எழுத்து இருந்த இடம் போகவில்லை. அழுத்தி எழுதுகிறவள் அவள். ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தில் பள்ளமாக இருந்தது. விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். சாய்த்துப் பிடித்துப் படித்தாள்.

அப்போதுதான் மாமா வந்தார். கையில் சிவப்பு நிறத்தில் ஒரு கயிறு.

"எங்க நம்ம துரை? வாடா, ஊரச் சுத்திக் காட்டறேன்."

"பதினாலு நாள் நாளைக்குத்தானே முடியுது?" என்றாள் அக்கா.

"இன்னிக்கே பதினாலுதான். ஒரு ராத்திரில என்ன ஆயிடும்?" மாமா கயிற்றை மாட்டினார். மூட்டைக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் உடம்பே வாலாகி ஆடியது. மாமா வாசல் கதவைத் திறந்தார். மூட்டை முதல் தடவையாக வாசற்படிக்கு வெளியே முன்காலைத் தூக்கியது.

"மாமா, வேண்டாம்!"

அவள் கத்திய கத்தலில் மூட்டை தூக்கிய காலைத் தூக்கியபடியே வைத்திருந்தது. அவள் ஓடிவந்து அதை வாரி எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் கோவையில்லாமல் கொட்டினாள். புதன்கிழமை, பனி, முட்டை, இருபத்து மூன்று டிகிரி.

மாமா கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி நின்றார். "டாக்டரம்மா கெட்டுப்போச்சுன்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"கெடலன்னு சொன்னாங்களா?"

"அதுவும் சொல்லல."

"அப்புறம் என்ன சொன்னாங்க, வானிலை அறிக்கையா? பதினாலு நாளா கல்லு மாதிரி நல்லாத்தானே இருக்கு?"

"இன்னும் கீழ போகலையே மாமா."

அக்காதான் பொரிந்தாள்.

"பாலைத் தூக்கி வெச்ச, தக்காளியத் தூக்கி வெச்ச. இத வைக்கணும்னு தோணலையாடி உனக்கு?"

"நீ தொடாதேன்னு சொன்னியேக்கா."

அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். மாமா கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் நாலு பேருக்கும் கேட்டது.

"நாளைக்குப் பரீட்சையாச்சே," என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "பையில போட்டு எடுத்துட்டுப் போயேன்."

"பட்டறைக்கா. கேஸ் சிலிண்டர் இருக்கும், நெருப்பு வெச்சுக் குழாய ஒட்டுவாங்க. உள்ள விட மாட்டாங்க."

"நான் லீவு கேட்டா என்ன?" என்று சொல்லிவிட்டு அக்காவே தலையை ஆட்டினாள். "கேட்டா நிரந்தரமா குடுத்துடுவாங்க. போன மாசமே சொல்லிட்டாங்க."

"எனக்கு விடியறதுக்கு முன்னாடி வண்டி," என்றார் மாமா. "மாத்த ஆளில்ல. எதிர் வீட்டுல விட்டா?"

"எதிர் வீட்டம்மா பொம்மை நாயப் பார்த்தாலே கதவ மூடிடுவாங்க."

மூன்று பேரும் அந்தச் சின்ன அறையில் வழி தேடினார்கள். ஒவ்வொரு வழியாகச் சொல்லி, ஒவ்வொன்றாக மூடினார்கள். கடைசியில் மாமா கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினார்.

"நீ பேசாம இருந்திருந்தா நாளைக்குப் பரீட்சைக்குப் போயிருப்ப," என்றார். கேலி இல்லாமல் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று அவள் பதிவேட்டை எழுதி முடித்தாள். அழித்த வரியைப் பேனாவால், அடைப்புக்குறியோடு, அப்படியே எழுதினாள். மாமா விடிகாலையில் போகிற வழியில் அதை வகுப்புக் கட்டடத்துக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னார். பதிவேடாவது போய்ச் சேரட்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் அவளே மருந்துக் கடையில் புது மருந்தை வாங்கினாள். பனிக்கட்டிக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, மூட்டையைத் தோள்பையில் போட்டுக்கொண்டு, எங்கும் நிற்காமல் போனாள். டாக்டரம்மா அட்டையில் பழைய ஒட்டுச்சீட்டின்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார்.

"அன்னிக்கு யாரும் தொடவே இல்லன்னு சொன்னது நீதானே?"

"நான்தான் டாக்டர்."

"இத?"

"கைய விட்டு இறக்கவே இல்ல."

டாக்டரம்மா அவள் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். ஊசி ஏறியபோது மூட்டை கத்தவில்லை. அவள்தான் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஐந்தரைக்கு அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் பட்டறையில் பேர் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவள் பேருக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அடுத்த பேருக்குப் போய்விடுவார்கள். ஊசி போட்ட அசதியில் மூட்டை ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில், சூடு வருகிற இடமாகப் பார்த்து, முதுகை ஒட்டிப் படுத்திருந்தது.

கீழேயிருந்து காவலாளியின் குரல் வந்தது. "என்னம்மா, மூட்டைய இன்னிக்கு இறக்கறேன்னியே?"

ஜன்னலில் தலையை நீட்டினாள். "இன்னும் பதினாலு நாள் அண்ணே!"

"நேத்தே முடிஞ்சிடும்னு சொன்ன?"

"எண்ணிக்கை தப்பிடுச்சு!"

"நீயா? நீ எண்ணினதா தப்பிடுச்சு?" என்று சிரித்துக்கொண்டே அவர் உள்ளே போனார்.

அவள் திரும்பி வந்து நோட்டைத் திறந்தாள். உள்ளே நாலு டிகிரி என்று எழுதினாள். பக்கத்தில், முதல் நாள் என்று எழுதினாள். இந்த நோட்டை இனி யாரும் கேட்கப்போவதில்லை என்பது எழுதி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இருந்தாலும் அழிக்கவில்லை.

மூட்டை எழுந்து சோம்பல் முறித்தது. வாசலுக்குப் போய், நேற்றுத் திறந்த அதே கதவை ஒரு தரம் பிறாண்டிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் எழுந்து போனாள். தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தாள். விழுந்திருந்தது. இன்னொரு தரமும் பார்த்தாள்.